கோடு தெரிந்தால் ஆட்டம் தெரியும்
வலைப்பந்து மைதானத்தை அளந்து படிப்போம்



இந்த முறை பாடம் ஒரு விளையாட்டு மைதானத்தைப் பற்றியது. "விளையாட்டுக்கு என்னத்துக்குப் பாடம்? பந்தைக் குடுத்தா புள்ளைங்க தானா விளையாடும்" என்று சில பேர் நினைக்கலாம். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளோடு கோட்ட மட்டப் போட்டிகளுக்குப் போய் வருகிறவர்கள் நாங்கள். அங்கே திரும்பத் திரும்பக் காண்கிற காட்சி ஒன்று உண்டு. நம்ம புள்ளை நல்லா ஓடும், நல்லா எம்பிப் பந்தைப் பிடிக்கும். உடனே நடுவர் விசில் ஊதுவார். பந்து எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும். ஏன் என்று பிள்ளைக்கு விளங்காது. இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தால், அதுக்குப் பிறகு ஓடவே பயந்து நின்றுவிடும்.

ஓட்டத்தில் குறை இல்லை. கோடு தெரியாததுதான் குறை. பெரட்டுக்களத்தில் கோடே போடாமல் விளையாடிப் பழகிய பிள்ளைக்கு டவுன் மைதானத்து வெள்ளைக் கோடுகள் புதுசு. அதனால் இன்றைக்கு மூன்று விஷயம் படிப்போம். மைதானத்துக் கோடுகள் எவை, யார் எந்தக் கோடு வரைக்கும் போகலாம், நம்ம தோட்டத்திலேயே அந்தக் கோடுகளைச் சரியாகப் போடுவது எப்படி.

கோடு நமக்குப் புதிதல்ல

நாம் குடியிருக்கும் 'லயன்' என்ற பேரே வரிசை, கோடு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததுதான். மலைக்குப் போனால் கங்காணி நெரை பிடித்துக் கொடுப்பார். ஒருத்தர் நெரையில் இன்னொருத்தர் கை வைத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நெரை என்பது நம்ம இடம். அதில் வேலையும் நம்மது, கணக்கும் நம்மது. இதை மனதில் வைத்துக்கொண்டால் இன்றைய பாடம் பாதி முடிந்த மாதிரி.

எல்லா விளையாட்டிலும் கோடு ஒரே வேலையைச் செய்வதில்லை. துரைமார் கிளப்பில் டென்னிஸ் மைதானம் பார்த்திருப்பீர்கள். அது 78 அடி நீளம். இரண்டு பேர் ஆடும்போது 27 அடி அகலம், நாலு பேர் ஆடும்போது 36 அடி அகலம். அங்கே கோடு முக்கியமாகப் பந்துக்குத்தான். பந்து கோட்டுக்குள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதே கேள்வி. பந்தைத் திருப்பி அடிக்க ஆள் கோட்டுக்கு வெளியே எவ்வளவு தூரமும் ஓடலாம்.

யாழ்ப்பாணத்தில் பொங்கலுக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் ஆடும் கிளித்தட்டில் கோடு மறிக்கிறவருக்கு. மட்டக்களப்புப் பக்கம் அதையே தாச்சி என்பார்கள். குறுக்குக் கோட்டில் நின்று மறிப்பவர் அந்தக் கோட்டை விட்டு இறங்க முடியாது. கிளியாக நிற்பவர் மட்டும் நடுக்கோட்டில் ஓடி வரலாம். மற்றக் கட்சிக்காரர் அவர்கள் கையில் படாமல் தட்டுத் தட்டாகத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும்.

வலைப்பந்தில் கோடு ஒவ்வொரு ஆளுக்கும் போட்ட நெரை மாதிரி. பந்துக்கு எல்லை இருக்கிறது. அதோடு ஏழு ஆட்டக்காரருக்கும் தனித்தனி எல்லையும் இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பிள்ளை

இந்த ஆட்டத்தில் இலங்கைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர்களில் முன்னுக்கு நிற்பவர் தர்ஜினி சிவலிங்கம். 1979ஆம் ஆண்டு பிறந்தவர். ஊர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் புன்னாலைக்கட்டுவனை அடுத்த ஈவினை. அங்கேயும் 'தோட்டம்' என்ற சொல் உண்டு. ஆனால் அங்கே தோட்டம் என்றால் தேயிலை இல்லை. செம்மண்ணில் வெங்காயம், புகையிலை, மரவள்ளி போடும் காணி. நம்மைப் போலவே மண்ணோடு பாடுபடும் சனங்கள். போர் அந்தப் பகுதியைச் சும்மா விடவில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வீடுவாசலை விட்டு வெளிக்கிட்டதை அந்த ஊர்க்காரர் இன்னும் மறக்கவில்லை.

தர்ஜினியின் உயரம் 6 அடி 10 அங்குலம். அந்த உயரத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருந்தார்கள் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த உயரம்தான் பிறகு நாட்டுக்கே பெருமை சேர்த்தது. 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் சிறந்த எய்பவர் என்று பேர் எடுத்தார். 2018இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியில் அவர்தான் முக்கிய எய்பவர். 2019இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டு ஆட்டக்காரரிலும் கூடுதலாகக் கோல் போட்டவர் அவரே. அவுஸ்திரேலியாவில் மெல்பன் நகரக் கழக ஆட்டமும் ஆடியிருக்கிறார்.

இவ்வளவையும் அவர் எந்த இடத்தில் நின்று செய்தார் தெரியுமா? 16 அடி ஆரை கொண்ட ஓர் அரை வட்டத்துக்குள்ளே நின்றுதான். அது எப்படி என்று விளங்க வேண்டுமானால் முதலில் மைதானத்தைப் பார்ப்போம்.

மைதானத்தின் அளவு

வலைப்பந்து 1890களில் இங்கிலாந்தில் பெண்கள் ஆட ஆரம்பித்த விளையாட்டு. நாட்டுக்கு நாடு விதி வேறாக இருந்தது. பல நாட்டுப் பிரதிநிதிகள் 1960இல் நம்ம இலங்கையில் கூடித்தான் எல்லோருக்கும் ஒரே விதி என்று பேசித் தீர்த்தார்கள். இன்றைக்கு உலகமெங்கும் அளவு ஒன்றுதான். இப்போது மீற்றரில் எழுதினாலும் முதலில் அடிக்கணக்கில் வந்த அளவு என்பதால் அடியில் சொன்னால் நமக்குச் சுலபம்.

நீளம்: 100 அடி (30.5 மீற்றர்). நீளப் பக்கத்தில் போகும் இரண்டும் பக்கக் கோடுகள்.

அகலம்: 50 அடி (15.25 மீற்றர்). இரண்டு முனையிலும் உள்ளவை கோல் கோடுகள்.

குறுக்குக் கோடு இரண்டு: இவை நீளத்தை மூன்று சமபங்காகப் பிரிக்கும். ஒரு பங்கு 33 அடி 4 அங்குலம். நடுவில் உள்ளது நடுப்பங்கு. இரண்டு ஓரத்திலும் உள்ளவை கோல் பங்குகள்.

கோல் வட்டம்: உண்மையில் அரை வட்டம்தான். கோல் கோட்டின் நடுவில் இருந்து 16 அடி (4.9 மீற்றர்) ஆரை. இரண்டு முனையிலும் ஒவ்வொன்று.

நடு வட்டம்: மைதானத்தின் சரி நடுவில் 3 அடி விட்டம்.

கம்பம்: கோல் கோட்டின் நடுவில், 10 அடி உயரம். உச்சியில் 15 அங்குல விட்டமுள்ள வளையம், கம்பத்திலிருந்து 6 அங்குலம் முன்னுக்குத் தள்ளி. கூடைப்பந்தில் இருப்பது போலப் பின்பலகை கிடையாது.

கோட்டின் தடிப்பு: 2 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது.

இவ்வளவுதான். நாலு எல்லைக் கோடு, இரண்டு குறுக்குக் கோடு, இரண்டு அரை வட்டம், ஒரு சின்ன வட்டம். மொத்தம் ஒன்பது. பிள்ளைகளே, இதை ஒரு தாளில் நீங்களே வரைந்து பாருங்கள். நூறு அடிக்குப் பத்து அங்குலம் என்று வைத்துக் கொண்டால் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் போதும்.

ஏழு பேர், ஏழு நெரை

ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். ஒவ்வொருவர் உடுப்பிலும் இரண்டு எழுத்தோ ஓர் எழுத்தோ இருக்கும். அந்த எழுத்துதான் அவருடைய நெரைச் சீட்டு. நம்ம பக்கம் கோல் போடும் முனையைத் 'தாக்கும் முனை' என்றும், எதிர்ப்பக்கத்தார் கோல் போடும் முனையைக் 'காக்கும் முனை' என்றும் வைத்துக் கொள்வோம்.

1. ஜீ.எஸ். (கோல் சூட்டர்): தாக்கும் முனைக் கோல் பங்கும் அதிலுள்ள கோல் வட்டமும் மட்டும்.

2. ஜீ.ஏ. (கோல் அட்டாக்): தாக்கும் முனைப் பங்கு, அதன் கோல் வட்டம், நடுப்பங்கு.

3. டபிள்யூ.ஏ. (விங் அட்டாக்): தாக்கும் முனைப் பங்கு, நடுப்பங்கு. கோல் வட்டத்துக்குள் போக முடியாது.

4. சீ. (சென்ரர்): மூன்று பங்கிலும் ஓடலாம். இரண்டு கோல் வட்டத்துக்குள்ளும் போக முடியாது.

5. டபிள்யூ.டி. (விங் டிஃபென்ஸ்): காக்கும் முனைப் பங்கு, நடுப்பங்கு. கோல் வட்டம் இல்லை.

6. ஜீ.டி. (கோல் டிஃபென்ஸ்): காக்கும் முனைப் பங்கு, அதன் கோல் வட்டம், நடுப்பங்கு.

7. ஜீ.கே. (கோல் கீப்பர்): காக்கும் முனைப் பங்கும் அதிலுள்ள கோல் வட்டமும் மட்டும்.

கோல் போட அனுமதி இரண்டே பேருக்கு, ஜீ.எஸ்.க்கும் ஜீ.ஏ.க்கும். அதுவும் கோல் வட்டத்துக்குள் நின்றுதான் போட வேண்டும்.

தன் இடத்தைத் தாண்டிக் கால் வைத்தால் அதுக்குப் பேர் 'ஓஃப் சைட்'. பந்து கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றம்தான். நம்ம பிள்ளைகளுக்குக் கூடுதலாக விசில் கேட்பது இதுக்குத்தான். இங்கே மூன்று விஷயம் கவனியுங்கள்.

ஒன்று, கோடும் இடத்தோடு சேர்த்தி. குறுக்குக் கோட்டை மிதித்தால் குற்றமில்லை. கோட்டைத் தாண்டி அந்தப் பக்கத்து நிலத்தில் கால் பட்டால்தான் குற்றம்.

இரண்டு, கோட்டுக்கு மேலால் கையை நீட்டிப் பந்தைப் பிடிக்கலாம். அந்தப் பக்கத்து நிலத்தில் உடம்பு படக்கூடாது, அவ்வளவுதான். ஓடி வரும் வேகத்தை அடக்கத் தெரியாத பிள்ளைதான் இங்கே மாட்டிக்கொள்ளும்.

மூன்று, ஆட்டம் 15 நிமிடம் வீதம் நாலு பகுதி. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் முனை மாறும். அப்போது தாக்கும் முனையும் மாறிவிடும். முதல் பகுதியில் ஸ்கூல் பக்கம் நின்ற ஜீ.எஸ். அடுத்த பகுதியில் கோயில் பக்கம் நிற்க வேண்டும். இடத்தை மரத்தை வைத்து, கட்டடத்தை வைத்து அடையாளம் பிடிக்காமல், கம்பத்தை வைத்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள்.

பந்துக்கும் கோடு உண்டு

ஆட்டம் நடு வட்டத்திலிருந்து தொடங்கும். சென்ரர் அந்த வட்டத்தில் பந்தோடு நிற்பார். எதிர்ப்பக்கத்துச் சென்ரர் நடுப்பங்கில் நிற்கலாம். மற்ற எல்லாரும் விசில் ஊதும் வரைக்கும் கோல் பங்குகளில்தான் நிற்க வேண்டும். விசில் கேட்டதும் போக உரிமை உள்ளவர்கள் நடுப்பங்குக்குள் பாயலாம். முதல் பந்தை நடுப்பங்கிலேயே பிடிக்க வேண்டும். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் மறுபடி இப்படியே. இந்தத் தொடக்கப் பந்து இரண்டு பக்கத்துக்கும் மாறி மாறி வரும்.

இனி முக்கியமான விதி. பந்தை ஒரு முழுப் பங்குக்கு மேலால் எறிய முடியாது. காக்கும் முனையில் இருப்பவர் எவ்வளவு பலசாலி என்றாலும் நேரே தாக்கும் முனைக்கு வீச முடியாது. நடுப்பங்கில் ஒருவர் கையாவது பந்தில் பட வேண்டும். பந்து மூன்று பங்கையும் படிப்படியாகக் கடந்துதான் வர வேண்டும்.

பந்து எல்லைக் கோட்டில் விழுந்தால் அது உள்ளேதான். கோட்டுக்கு வெளியே நிலத்தில் பட்டால் எதிர்ப்பக்கத்துக்கு. வெளியிலிருந்து உள்ளே எறிகிறவர் கோட்டுக்குக் கிட்ட நிற்கலாம். கோட்டை மிதிக்கக் கூடாது.

பந்தை 3 செக்கனுக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது. பந்து வைத்திருப்பவரை மறிக்கிறவர் 3 அடி தள்ளி நிற்க வேண்டும்.

உயரமான பிள்ளையை அரை வட்டத்தில் வைத்தது ஏன்?

இப்போது தர்ஜினியின் ஆட்டத்துக்கு வருவோம். வளையம் 10 அடியில் இருக்கிறது. அவர் தலைக்கும் வளையத்துக்கும் இடையில் 3 அடி 2 அங்குலம்தான். கையை உயர்த்திப் பிடித்தால் பந்து வளையத்துக்குக் கிட்டப் போய்விடும். மறிக்கிறவர் 3 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதால் கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டுவது கஷ்டம். கம்பத்துக்குக் கிட்ட நிற்கும் அவருக்கு உயரமாகப் பந்தை எறிந்து கொடுத்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

ஆனால் ஜீ.எஸ். என்ற எழுத்தைப் போட்டுக்கொண்ட பிறகு அவர் நடுப்பங்குக்கு வர முடியாது. பந்து தேடி ஓட முடியாது. காக்கும் முனையில் பிடித்த பந்தை நடுப்பங்கில் ஒருவர் வாங்கி, சென்ரரோ விங் அட்டாக்கோ வட்டத்து விளிம்பில் நின்று, சரியான உயரத்தில் கொடுத்தால்தான் அவர் கைக்குப் பந்து வரும். கோல் கணக்கில் அவர் பேர் இருக்கும். அந்தக் கோலுக்குப் பின்னால் நாலைந்து பேருடைய ஓட்டம் இருக்கும்.

இதில் நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல சேதி இருக்கிறது. "நம்ம புள்ளைங்க கட்டை, வலைப்பந்துக்குச் சரி வராது" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். மைதானத்தைக் கோடு போட்டுப் பிரித்ததால்தான் அந்தப் பேச்சு எடுபடாமல் போகிறது. உயரமானவர் ஒருவர் எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ள முடியாது. மூன்று பங்கும் ஓடித் திரியும் சென்ரருக்கு மூச்சும் காலும்தான் வேண்டும். மலை ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் அது இல்லாமல் வேறு யாரிடம் இருக்கும்? கோடு ஆளைத் தடுக்கிறது, உண்மைதான். ஆனால் அதே கோடுதான் மற்ற ஆளுடைய இடத்தைக் காப்பாற்றியும் கொடுக்கிறது.

நாமே கோடு போடுவோம்

தோட்டத்தில் மட்டமான நிலம் கிடைப்பது அருமை. பெரட்டுக்களமோ ஸ்கூல் மைதானமோ இருந்தால் நிர்வாகத்திடமும் அதிபரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லைக் கோட்டுக்கு வெளியே சுற்றிவர 10 அடி வெறுமையாக விட வேண்டும். ஆகவே 120 அடிக்கு 70 அடி நிலம் இருந்தால் நல்லது. முடிந்தால் நீளப் பக்கம் வடக்குத் தெற்காக இருக்கட்டும். பின்னேர வெயில் எய்பவர் கண்ணில் நேரே அடிக்காது.

தேவையானவை: அளவு நாடா, நீளமான கயிறு, எட்டு முளை, சுத்தியல், அடியில் துளை போட்ட பழைய டின், வெள்ளைத் தூள்.

முதல் படி: 50 அடிக்குக் கோல் கோட்டுக் கயிறு கட்டி இரண்டு முனையிலும் முளை அடியுங்கள்.

இரண்டாம் படி: மூலையைச் சரியாகப் பிடிக்க வேண்டும். கண்மட்டத்தை நம்ப வேண்டாம். மூலை முளையிலிருந்து கோல் கோட்டில் 30 அடியில் ஓர் அடையாளம், பக்கக் கோட்டுக் கயிற்றில் 40 அடியில் ஓர் அடையாளம். இரண்டுக்கும் இடையில் சரியாக 50 அடி வந்தால் மூலை சரி. 50 வரும் வரைக்கும் பக்கக் கயிற்றை அசையுங்கள். கணக்குப் பாடத்தில் வரும் பைதகரஸ் விதி இதுதான். இந்த வேலையை ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால் பாடமும் மனதில் நிற்கும்.

மூன்றாம் படி: இரண்டு பக்கமும் 100 அடி அளந்து மற்றக் கோல் கோட்டைப் போடுங்கள். பிறகு மூலைக்கு மூலை இரண்டு கயிறு இழுங்கள். இரண்டும் ஒரே நீளமாக, ஏறக்குறைய 111 அடி 10 அங்குலம் வர வேண்டும். இரண்டு கயிறும் சந்திக்கும் இடம்தான் மைதானத்தின் நடு. அங்கே ஒரு முளை.

நாலாம் படி: பக்கக் கோடுகளில் 33 அடி 4 அங்குலத்துக்கு ஒன்றாக அடையாளம் போட்டுக் குறுக்குக் கோடு இரண்டையும் இழுங்கள்.

ஐந்தாம் படி: கோல் கோட்டின் நடுவில் 25 அடியில் முளை அடித்து, 16 அடிக் கயிற்றால் அரை வட்டம் போடுங்கள். அந்த வளைவு கோல் கோட்டைத் தொடும் இடம் மூலையிலிருந்து 9 அடியில் இருந்தால் சரி.

ஆறாம் படி: நடு முளையில் ஒன்றரை அடிக் கயிறு கட்டி நடு வட்டம் போடுங்கள். முடிந்ததும் முளை எல்லாவற்றையும் பிடுங்கி எண்ணிப் பாருங்கள். ஒரு முளை மிஞ்சிக் கிடந்தாலும் ஒரு பிள்ளையின் கால் போய்விடும்.

நைலோன் கயிறு இழுபடும். ஒரே இழுப்பில் பிடித்து அளக்க வேண்டும்.

வெள்ளைத் தூளுக்குத் தேயிலைக்குப் போடும் டொலமைட் கொஞ்சம் கேட்டு வாங்கினால் போதும். சுட்ட சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். ஈரம் பட்டால் தோலையும் கண்ணையும் எரிக்கும். எந்தத் தூளானாலும் காற்று வரும் பக்கம் முதுகு வைத்து, மூக்கு வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பெரியவர்கள் போட வேண்டும்.

கம்பத்துக்குப் பைப் கிடைக்காவிட்டால் நேரான மூங்கில் போதும். கம்பத்தைச் சுற்றிச் சாக்கு மடித்துக் கட்டுங்கள். அடியில் கல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு வளையத்தை 8 அடியளவில் வைத்துப் பழக்கலாம்.

நிலம் போதாவிட்டால் நீளம் 80, அகலம் 40 என்று சுருக்கிக் கொள்ளலாம். அகலத்தைப் போல இரண்டு மடங்கு நீளம், நீளத்தில் மூன்று சமபங்கு என்ற கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். உண்மையான அளவு என்ன என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரைக்கும் துள்ளி விளையாடும் பெண்பிள்ளை பெரிய பிள்ளை ஆனதும் பந்தைத் தொடாமல் விட்டுவிடுவது நம்ம தோட்டங்களில் வழமையாகிவிட்டது. "இனி என்ன விளையாட்டு, தம்பியப் பாரு, தண்ணி எடு" என்று சொல்லிவிடுகிறோம். தாய்மார் கொழுந்துக்குப் போகும் வீட்டில் வேலை இருக்கத்தான் செய்யும். அதை இல்லை என்று சொல்லவில்லை. கிழமையில் இரண்டு பின்னேரம், ஒவ்வொரு மணித்தியாலம், அவ்வளவுதான் கேட்கிறோம். தண்ணீர்க் குடத்தை அந்த இரண்டு நாளும் அண்ணனோ தம்பியோ தூக்கினால் என்ன குறைந்துவிடும்? பிள்ளை தனியாகப் போய் வருவது பயம் என்றால், தாய்மாரில் இரண்டு பேர் முறை வைத்து மைதானத்துக்கு வரலாம்.

விளையாடும் பிள்ளைக்கு உடம்பு திடமாகும். பத்துப் பேர் முன்னால் பேசப் பயம் தெளியும். கோட்டம், வலயம், மாகாணம் என்று போட்டிக்குப் போகும்போது தோட்டத்துக்கு வெளியே உள்ள உலகமும் தெரியும். எல்லாப் பிள்ளையும் தர்ஜினி ஆகிவிடாது. ஆனால் தன் இடம் எது, அதில் தன் வேலை என்ன, அடுத்தவர் இடம் எதுவரை என்று ஒரு பெண்பிள்ளை மைதானத்தில் படித்துக்கொண்டால், அது வேலைத்தளத்திலும் குடும்பத்திலும் அவளுக்கு உதவும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

1. ஜீ.எஸ். குறுக்குக் கோட்டை மிதித்தபடி பந்தைப் பிடித்தார். குற்றமா?
2. சென்ரர் கோல் வட்டத்துக்கு வெளியே நின்று வளையத்துக்கு எறிந்தார். பந்து வளையத்துக்குள் விழுந்தது. கோல் கிடைக்குமா?
3. ஜீ.கே. பிடித்த பந்தை நேரே ஜீ.எஸ்.க்கு வீசினார். நடுவில் யார் கையும் படவில்லை. சரியா?
4. கோல் வட்டத்துக்குள் இரண்டு பக்கத்திலும் சேர்த்து எத்தனை பேர் நிற்க முடியும்?

விடைகள்: 1. குற்றமில்லை, கோடும் அவர் இடத்தோடு சேர்த்தி. 2. கிடைக்காது, கோல் போடும் உரிமை ஜீ.எஸ்.க்கும் ஜீ.ஏ.க்கும் மட்டும். 3. சரியில்லை, பந்து முழு நடுப்பங்கைத் தாண்டிவிட்டது. 4. நாலு பேர்: ஒரு பக்கத்து ஜீ.எஸ்., ஜீ.ஏ.; மறுபக்கத்து ஜீ.கே., ஜீ.டி.

நாலுக்கும் சரியாகச் சொன்ன பிள்ளைகள் கயிற்றையும் முளையையும் எடுத்துக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை களத்துக்கு வரலாம். சொல்லத் தெரியாதவர்களும் வரலாம். கோடு போட்டு முடியும்போது தெரிந்திருக்கும்.